முழு வளாகமும் உங்களுடையதுதான், பேராசிரியரே

பொள்ளாச்சி வட்டாரக் கல்லூரி ஒன்றின் ஆண்டு மலரில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் எழுதிய கட்டுரை, ஜெராக்ஸ் போட்டுக் கைக்குக் கை மாறிக்கொண்டிருக்கிறது. எனக்கு வந்த பிரதியில் யாரோ சிவப்பு மையில் ‘அருமை’ என்று வேறு எழுதியிருந்தார்கள். விஷயம் இதுதான். அந்தக் கல்லூரியின் இளம் ஆசிரியர்கள் சிலர் நிர்வாகத்திடம் ஒரு கோரிக்கை வைத்தார்கள். ஆனைமலைக் காட்டிலிருந்து இறங்கிவந்து படிக்கும் பழங்குடிப் பிள்ளைகள், வால்பாறை எஸ்டேட்டிலும் பொள்ளாச்சித் தென்னைநார் மில்லிலும் உழைக்கும் ஜார்க்கண்ட், அசாம் தொழிலாளிகளின் பிள்ளைகள், பாலக்காட்டிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள், வடகிழக்கு மாநிலத்தவர் ஆகியோருக்குத் துணையாக ஒரு பன்முகப் பண்பாட்டு மையம் வேண்டும் என்றார்கள். ஓர் அறை, பொறுப்புக்கு ஓர் ஆசிரியர், வருடத்தில் சில நாள் அவர்களுடைய மொழிக்கும் பாட்டுக்கும் மேடை. கேட்டது அவ்வளவுதான். அதற்குப் பேராசிரியர் ஆறு பக்கம் எழுதி, கூடவே கூடாது என்கிறார்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. அவரிடம் படித்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். கண்டிப்பானவர், கை சுத்தமானவர் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். அப்படிப்பட்டவர் எழுதுவதால்தான் கட்டுரை இத்தனை தூரம் போகிறது, அதனால்தான் இந்தப் பதிலும் தேவைப்படுகிறது. அதில் உள்ள வாதம் அவர் ஒருவருடையது மட்டுமல்ல. கவுன்சலிங் சீசனில் எந்தக் கல்லூரி ஆபீஸ் வராந்தாவில் நின்றாலும் அதை அரைகுறையாகக் கேட்கலாம். அவர் அதற்கு அடிக்குறிப்புப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

முதல் வாதம்: கல்லூரி படிக்கும் இடம், பண்பாடு வீட்டில் இருக்கட்டும், வளாகத்துக்குள் அதைக் கொண்டுவந்தால் பிள்ளைகள் கூறுகூறாகப் பிரிந்துபோவார்கள்.

அதே மலரைப் புரட்டினேன். கட்டுரைக்கு நாலு பக்கம் முன்னால் பொங்கல் விழாப் படங்கள். கரும்புப் பந்தல், வரிசையாகப் பானைகள், முதல்வரும் செயலரும் ஒரே கரை போட்ட வேட்டியில். மாணவிகள் ஒரே நிறச் சேலை கட்டி வள்ளிகும்மி ஆடுகிறார்கள். ரேக்ளா வண்டியின் மேல் கரஸ்பாண்டன்ட் உட்கார்ந்து தலைக்கயிற்றைப் பிடித்திருக்கிறார். காளை மட்டும் கேமராவைப் பார்க்கவில்லை. அடுத்த பக்கம் ஆயுத பூஜை, லேபில் ஒவ்வொரு மைக்ராஸ்கோப்புக்கும் சந்தனப் பொட்டு. அதற்கடுத்து ஆடிப்பெருக்கு. பண்பாடு வீட்டில் இருக்க வேண்டும் என்றால் இதெல்லாம் எந்த வீட்டில் எடுத்த படம்?

எனக்கு இவற்றில் ஒன்றின் மேலும் கோபமில்லை. மேட்டுப்பாளையம் பக்கம் தேக்கம்பட்டியின் பத்ரப்பன் ஐயா எண்பத்தேழு வயதில் 2024இல் பத்மஸ்ரீ பெற்றபோது, எங்கள் ஆட்டத்தை டெல்லி வரைக்கும் கொண்டுபோய்விட்டார் என்று நானும்தான் பூரித்துப்போனேன். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த வள்ளி ஒயில் கும்மியில் பெண்களையும் பழக்கி இறக்கியவர் அவர். கும்மி ஆடட்டும், பானை பொங்கட்டும். ஆனால் இத்தனையும் நடக்கிற இடத்துக்கு என்ன பெயர்? ஒரு மக்கள் கூட்டத்தின் பண்டிகை, உடை, பேச்சு, சாமி, சாப்பாடு எல்லாவற்றுக்கும் மைதானமும் மேடையும் பட்ஜெட்டும் விடுமுறையும் கொடுக்கும் இடம் பண்பாட்டு மையம்தானே? அந்த மையம் ஏற்கெனவே இருக்கிறது, ஐயா. ஐம்பது ஏக்கரில், காம்பவுண்டு சுவர் போட்டு, வாட்ச்மேன் வைத்து நடக்கிறது. அது ஒரு தரப்பாருக்கு மட்டுமே உரியது என்பதால் பெயர்ப்பலகை தேவைப்படவில்லை. உங்கள் பண்டிகை வந்தால் ‘கல்லூரி விழா’, இன்னொருவர் பண்டிகைக்கு ஓர் அறை கேட்டால் ‘பிரிவினை’. உங்கள் ஆறு பக்கத்தையும் பிழிந்தால் இந்த ஒரு கணக்குத்தான் மிஞ்சுகிறது.

மற்றவர்களுக்கு அந்த வளாகத்தில் என்ன இடம் கிடைக்கிறது என்பதையும் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் ஆண்டு விழா. ‘அடுத்து, பழங்குடியினர் நடனம்’ என்று அறிவித்தார்கள். முகத்தில் கரி பூசி, பச்சைச் சாட்டின் துணியை இலை இலையாக வெட்டி இடுப்பில் சுற்றி, தலையில் கலர் காகித இறகு செருகிய எட்டுப் பையன்கள் தெர்மாகோல் ஈட்டியோடு ஓடிவந்தார்கள். நடுவில் ஒருவனைக் கம்பத்தில் கட்டிவைத்து, வேகவைத்துத் தின்னப்போகிறவர்களைப் போல அவனைச் சுற்றி ஜிங்கலக்கா என்று கத்திக்கொண்டு குதித்தார்கள். அரங்கமே விசிலடித்தது. முதல் பரிசும் கொடுத்தார்கள். எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண் டாப்ஸ்லிப் பக்கத்துக் காடர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து வருகிறவள் என்று அருகிலிருந்த ஆசிரியை கிசுகிசுத்தார். அந்தப் பெண்ணும் கைதட்டினாள். மற்றவர்கள் தட்டும்போது தட்டினாள், அவர்கள் நிறுத்தியபோது நிறுத்தினாள். பக்கத்தில் இருந்தவளிடம் தண்ணீர் பாட்டில் வாங்கிக் குடித்தாள்.

அவளுடைய சனத்தில், கட்டிக்கப்போகிற பெண்ணுக்கு ஆண் தன் கையால் மூங்கிலில் சீப்பு செதுக்கிக் கொடுப்பது வழக்கம். பல்லுக்கு மேலே உள்ள பட்டையில் கோடும் முக்கோணமுமாக இழைத்து இழைத்துச் செதுக்குவார்கள். ஏரன்ஃபெல்ஸ் என்ற ஆஸ்திரிய மானிடவியலாளர் கொச்சிப் பகுதிக் காடர்களைப் பற்றி எழுதிய நூலை 1952லேயே சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. ஆக, பல்கலைக்கழகத்துக்குக் காடர் ஆராய்ச்சிப் பொருளாக அறிமுகமாகி எழுபது வருடம் தாண்டிவிட்டது. மாணவராக வந்து உட்கார்ந்தபோது மட்டும் அவர்களுக்குக் காட்ட நம்மிடம் இருந்தது தெர்மாகோல் ஈட்டி.

இரண்டாவது வாதத்தைப் பேராசிரியர் பெருமையோடு எழுதுகிறார். கொங்குச் சீமை வந்தாரை வாழவைக்கும் மண், ஒறம்பறைக்கு, அதாவது விருந்தாளிக்கு, முதல் பந்தி போடும் மண், இங்கே பாகுபாடு பார்க்கிற வழக்கமே கிடையாது, எனவே பாகுபாட்டுக்கு மருந்தாக ஒரு மையம் எதற்கு என்று கேட்கிறார்.

வந்தாரை வாழவைத்த கதையில் உண்மை இருக்கிறது. கோயமுத்தூரின் மில்களையும் கல்லூரிகளையும் எழுப்பியவர்களில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் எத்தனை, தறி நெய்த கன்னடம் பேசும் தேவாங்கர்கள் எத்தனை, பஞ்சு வியாபாரத்துக்கு வந்த குஜராத்திகள் எத்தனை! ஆனால் வரும்போது கையில் முதல் இருந்தால் வாழவைப்பது சுலபம். கூலிக்கு வந்தவனின் மகளை வாழவைக்கிறோமா என்பதுதான் கேள்வி. போகட்டும், காடரும் மலசரும் எந்த ஊரிலிருந்து வந்த ஒறம்பறை? இந்தச் சீமைக்கு நாம் வருவதற்கு முன்பே அந்த மலையில் இருந்தவர்கள். விருந்தாளிக்குரிய பந்தியை வீட்டுக்காரருக்குப் போட்டுவிட்டு, அதையும் தர்மக் கணக்கில் எழுதுகிறார் பேராசிரியர்.

பாகுபாடு கிடையாதாம். 2025 ஏப்ரலில் கிணத்துக்கடவு பக்கம் செங்குட்டைப்பாளையத்தில் ஒரு தனியார் பள்ளியில், பூப்பெய்திய எட்டாம் வகுப்புப் பட்டியல் சாதி மாணவியை வகுப்பறைக்கு வெளியே படியில் உட்காரவைத்துத் தேர்வு எழுதவைத்தார்கள். தாய் போய்ப் பார்த்துச் செல்போனில் படம் பிடித்ததால் ஊருக்குத் தெரிந்தது. இல்லாவிட்டால் தெரிந்திருக்காது. செங்குட்டைப்பாளையம் யாருடைய ஊர் என்று பேராசிரியருக்கு நான் சொல்லத் தேவையில்லை. சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சராக இருந்த சி. சுப்பிரமணியம் பிறந்த ஊர். கட்டுரையின் மூன்றாவது பக்கத்தில் அவரைப் பேராசிரியரே புகழ்ந்து எழுதியிருக்கிறார்.

இன்னொன்றும் நினைவிருக்க வேண்டும். திருப்பூரிலிருந்து டெல்லிக்கு மருத்துவ மேற்படிப்புக்குப் போன இரண்டு பிள்ளைகள், ஒருவர் 2016இலும் இன்னொருவர் 2018இலும், உயிரற்ற உடலாகத் திரும்பினார்கள். அப்போது கொங்கு மண்டலமே கொதித்தது. வடக்கே நம் பிள்ளைகளுக்கு யார் பாதுகாப்பு, மொழி தெரியாத ஊரில் அவர்கள் யாரிடம் போய்ச் சொல்வார்கள், கல்லூரிக்குள் ஒரு ஆள் வேண்டாமா என்று கேட்டோம். கேட்டது நியாயம். அதே கேள்வியை ராஞ்சியிலிருந்தோ இம்பாலிலிருந்தோ ஒரு தாய் நம்மைப் பார்த்துக் கேட்டால் வந்தாரை வாழவைக்கும் பாட்டைப் பாடிக் காட்டுவதா?

2012 ஆகஸ்டில் வடகிழக்கு மாநிலத்தவரைத் தாக்கப்போகிறார்கள் என்று வதந்தி கிளம்பி, பெங்களூரிலும் சென்னையிலும் கோவையிலும் வடகிழக்குப் பிள்ளைகள் மூட்டை கட்டி ரயிலேறினார்கள். 2023 மார்ச்சில் வடமாநிலத்தவரைத் தாக்குவதாகப் பொய் வீடியோக்கள் பரவி, கோவை, திருப்பூரிலிருந்த அந்தத் தொழிலாளர்கள் நடுங்கிப்போனார்கள், பீகாரிலிருந்து அதிகாரிகள் குழுவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அந்த இரவுகளில் ஹாஸ்டலில் இருந்த ஒரு பிள்ளைக்கு, ‘இது பொய், நாங்கள் இருக்கிறோம், பயப்படாதே’ என்று அவள் மொழியில் சொல்ல ஒரே ஒரு ஆள் இருந்திருந்தால் போதும். அந்த ஆளைத்தான் அந்த ஆசிரியர்கள் கேட்கிறார்கள். பாட்டும் கூத்தும் அதற்குப் பிறகுதான்.

இனி மூன்றாவது வாதம், 1965இன் இந்தி எதிர்ப்புப் போராட்டம். பேராசிரியர் இங்கேதான் குரலை உயர்த்துகிறார். பிப்ரவரி 12ஆம் தேதி பொள்ளாச்சித் தெருவில் மாணவர்களும் பொதுமக்களும் துப்பாக்கிக் குண்டுக்குச் செத்தார்கள், தமிழுக்காக ரத்தம் சிந்திய இந்த மண்ணில் இந்திக்காரனுக்கும் மலையாளத்தானுக்கும் கல்லூரிக்குள் மன்றம் வைத்துக் கொடுப்பது துரோகம் என்கிறார்.

அந்த நாளின் பெயரை லேசில் எடுக்கக் கூடாது. அதற்கு முந்தின நாள்தான் இந்தப் பிரச்சினைக்காகவே சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அழகேசனும் மத்திய அமைச்சர் பதவியை ராஜினாமா செய்தார்கள். மறுநாள் பொள்ளாச்சி எரிந்தது, ராணுவம் வந்தது. பெரியவர்கள் இன்றைக்கும் அதைப் பேசும்போது கதவைச் சாத்திக்கொள்ளாத குறைதான். செத்தவர்கள் எதை எதிர்த்துச் செத்தார்கள்? எண்ணிக்கையில் பெரியவனின் மொழி என்பதற்காக அதை எல்லார் வாயிலும் திணிக்கக் கூடாது என்று செத்தார்கள். எண்ணிக்கையில் சிறியவர்களுக்கும் தம் மொழியோடு தலைநிமிர்ந்து நடக்க உரிமை உண்டு என்பதுதான் அவர்கள் கட்சி. அந்தப் பிணங்களின் மேல் ஏறி நின்றுகொண்டு, காடர் பெண்ணைப் பார்த்து ‘உன் பேச்சு எதற்கு, எங்கள் மொழி போதும்’ என்று சொல்கிறார் பேராசிரியர். 1965இல் இந்த வசனத்தைப் பேசியது டெல்லி.

‘இந்திக்காரன்’ என்று அவர் ஒரே மூச்சில் ஒதுக்குகிறவர்கள் யார் என்று விசாரித்துப் பார்த்தாரா? ஜார்க்கண்டிலிருந்து வரும் ஒராவோன் பழங்குடியினரின் தாய்மொழி குருக். அது திராவிட மொழி. தமிழுக்கு ஒன்றுவிட்ட தங்கை முறை. சந்தாலி பேசுகிறவர்களின் மொழி முற்றிலும் வேறு குடும்பம், 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் இடம்பிடித்தது. இந்தப் பிள்ளைகள் பள்ளியில் இந்தியால் நசுக்கப்பட்டுவிட்டு இங்கே வந்தால், இந்தி பேசுகிறவர்கள் என்று நாம் நசுக்குகிறோம். தமிழ்த் துறையில் முப்பது வருடம் மொழியியல் நடத்தியவருக்கு, தன் கல்லூரிக்குப் பக்கத்து நார் மில்லில் ஒரு திராவிட மொழி பேசப்படலாம் என்ற சந்தேகம்கூட வரவில்லை. ஒரு மையம் இருந்திருந்தால் அவருக்கும் அது உபயோகப்பட்டிருக்கும்.

நாலாவது வாதம் பழங்குடிகளைப் பற்றியது. பேராசிரியரின் மனம் முழுதாகத் திறப்பது இங்கேதான். மலைப்பிள்ளைகளுக்கு வேண்டியது முன்னேற்றம், அவர்கள் பேச்சு கொச்சைத் தமிழ், அவர்கள் வழக்கங்களை வளாகத்தில் கொண்டாடினால் பின்தங்கியே கிடப்பார்கள், நம்மோடு கலந்துவிடுவதுதான் அவர்களுக்கு நல்லது என்கிறார்.

யார் யாரிடம் கற்றுக்கொண்டு முன்னேறினார்கள் என்று கொஞ்சம் பார்ப்போம். இந்த வட்டாரத்தின் தாவரவியல் மாணவர்கள் டாப்ஸ்லிப்புக்கு ஃபீல்டு டிரிப் போவார்கள். முன்னால் நடக்கிறவர் வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர், அநேகமாகக் காடரோ மலசரோதான். எந்தப் பட்டை எதற்கு, எந்தக் காயை இருவாச்சி தின்னும், எந்த மரத்தில் கூடு வைக்கும் என்று அவர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டு வந்து, லத்தீன் பெயரைக் கண்டுபிடித்து ரெக்கார்டு போட்டு மார்க் வாங்குவார்கள். அவருடைய மகன் அதே கல்லூரியில் பி.காம். கடைசி பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருப்பான். ‘மந்தமான பையன்’ என்பார் ஹெச்ஓடி.

கோழிகமுத்தி முகாமில் மலசர்கள் பழக்கிய கும்கி யானை கலீம், தொண்ணூற்றொன்பது ஆபரேஷன்களுக்குப் பின் 2023 மார்ச்சில் ஓய்வுபெற்றது. வனத்துறை மரியாதை அணிவகுப்பே நடத்தியது. அதே வருடம் தெப்பக்காடு, கோழிகமுத்தி முகாம்களின் பாகன்களையும் அவர்களுக்கு உதவும் காவடிகளையும் யானை வளர்க்கும் பயிற்சிக்காகத் தாய்லாந்துக்கு அனுப்பினார்கள். தலைமுறை தலைமுறையாக யானையோடு பிறந்து வளர்ந்தவர்களுக்கு யானைப் பாடம்! நம் கையிலிருக்கும் அறிவை அறிவென்று ஒத்துக்கொள்ளாத சீக்கு பேராசிரியருக்கு மட்டும் இல்லை, சர்க்காருக்கும் இருக்கிறது.

கொச்சைத் தமிழ் என்ற பட்டம் வேறு. பத்தாயிரம் பேருக்குக் குறைவாகப் பேசும் மொழியை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தனியாக அச்சிடுவதே கிடையாது, ‘மற்றவை’யில் போட்டு மூடிவிடும். 2024 பட்ஜெட்டில் தமிழக அரசு பழங்குடி மொழிகளை ஆவணப்படுத்த 2 கோடி ரூபாய் ஒதுக்கியது, நல்ல காரியம். பெயர் சொன்னவை தோடர், கோத்தர், சோளகர், காணி, நரிக்குறவர் மொழிகள். ஆனைமலையின் பெயர் அதில் அடிபடவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் காடர்கள் மிகவும் நலிந்த பழங்குடிகளின் பட்டியலில் இருக்கிறார்கள். இந்தப் பக்கம் தமிழ்நாட்டின் பட்டியலில் ஆறு பெயர்கள், அவற்றில் காடர் இல்லை. ஒரே சனம், ஒரே காடு, நடுவில் ஒரு மாநில எல்லை. புலையர்களோ இங்கே பட்டியல் சாதியில் இருந்துகொண்டு, எங்களைப் பழங்குடியில் சேருங்கள் என்று வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இதெல்லாம் ஒரு பதினேழு வயதுப் பிள்ளைக்கு அட்மிஷன் கவுன்டரில் என்ன ஆகிறது தெரியுமா? பழங்குடிச் சாதிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது, சார் ஆட்சியரோ கோட்டாட்சியரோ தர வேண்டும். விசாரணை, மறு விசாரணை, ‘அடுத்த வாரம் வா’. தகப்பன் கூலியை விட்டுவிட்டுக் காட்டிலிருந்து நாலு தடவை பொள்ளாச்சிக்கு இறங்கி வர வேண்டும். சான்றிதழ் கைக்கு வருவதற்குள் கடைசித் தேதி போய்விடும். மாநிலத்தில் பழங்குடிக்கு இருப்பதே 1 சதவீத இடம். மதுக்கரைப் பக்கம் ஒரு மலசர் பெண் 2021இல் நீட் தேறியபோது எல்லாப் பேப்பரிலும் படம் வந்தது. சாதிச் சான்றிதழுக்காக அந்தக் குடும்பம் அலைந்த கதையும் கூடவே வந்தது, அதை எத்தனை பேர் படித்தோம்?

சேர்ந்த பிறகு? வால்பாறை ரோட்டில் மண்சரிவு என்றால் நாற்பது கொண்டை ஊசி வளைவும் அடைபட்டுவிடும், பஸ் கிடையாது. யானை நின்றால் பஸ் நிற்கும். அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே போய்விடும், கண்டொனேஷன் ஃபீஸ் கட்டச் சொல்வார்கள். ஊரில் ஒரு சாவு விழுந்தால் அவர்கள் வழக்கப்படி எத்தனை நாள் இருக்க வேண்டும் என்பது ஹாஸ்டல் வார்டனுக்குத் தெரியாது, ‘எத்தனை பாட்டிதான் சாவாங்க உனக்கு?’ என்று சிரிப்பார். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் என்று மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது, நல்லது, பஸ்ஸுக்கு ஆகிறது. ஆனால் ஆயிரம் ரூபாயால் வார்டனிடம் பேச முடியாது. முதல் செமஸ்டரில் நாலு அரியர் விழும், இரண்டாவது செமஸ்டரில் அந்தப் பிள்ளை வராது. ஆபீஸ் ரிஜிஸ்டரில் சிவப்புக் கோடு. அதற்குப் பெயர் டிஸ்கன்டினியூ. மலைப்பிள்ளைகளுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று பேராசிரியர் எழுதுகிறாரே, அவர் பார்த்தது அந்தச் சிவப்புக் கோட்டை மட்டும்தான்.

கலந்துவிட வேண்டும் என்கிறாரே, எவ்வளவு கலக்க வேண்டும்? பரம்பிக்குளம் அணை எழும்பக் காடர்கள் தங்கள் குடியிருப்பை விட்டுக் கொடுத்தார்கள். அந்தத் தண்ணீர்தான் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தின் (பி.ஏ.பி.) வாய்க்காலில் இறங்கி நாலு லட்சம் ஏக்கர் அளவுக்குப் பாய்கிறது. இந்த வட்டாரத்தின் தென்னந்தோப்பும் அந்தத் தோப்பின் வருமானத்தில் எழுந்த கல்விக் கட்டடங்களும் அந்தத் தண்ணீரில் நிற்கின்றன. கலக்க வேண்டிய அளவுக்கு அவர்கள் எப்போதோ கலந்துவிட்டார்கள். 2019 மழையில் கல்லார் குடியிருப்பு மண்சரிவில் சிக்கியதும், தெப்பக்குளமேட்டில் குடியேற இடம் கேட்டு, வன உரிமைச் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு இரண்டு வருடம் போராடிப் பட்டா வாங்கினார்களே, அவர்களுக்கு முன்னேற்றம் என்றால் என்னவென்று வகுப்பெடுக்க வேண்டியதில்லை.

ஐந்தாவதாக, பள்ளிகளில் சாதி மோதலைத் தடுப்பது பற்றி ஆராய்ந்த நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கையைச் சாட்சிக்கு அழைக்கிறார். கையில் கயிறு கட்டக் கூடாது, பள்ளிப் பெயரில் சாதி இருக்கக் கூடாது என்று 2024 ஜூனில் அந்தக் குழு சொன்னது, அடையாளம் எல்லாவற்றையும் அழி என்பதுதான் அதன் பொருள், மையமோ அடையாளத்தை வளர்க்கிறது என்பது வாதம். அறிக்கையை அவர் அரைவாசிதான் படித்திருக்கிறார். ஒரு வட்டாரத்தில் எந்தச் சாதி ஆதிக்கத்தில் இருக்கிறதோ, அந்தச் சாதிக்காரரை அங்கே தலைமையாசிரியராகவோ கல்வி அதிகாரியாகவோ போடக் கூடாது என்றும் அதே குழு சொன்னது. அதைக் கல்லூரிகளுக்கும் பொருத்தலாமா, ஐயா? பொருத்தினால் இந்த வட்டாரத்தில் எத்தனை முதல்வர் நாற்காலி காலியாகும் என்று நீங்களே எண்ணிச் சொல்லுங்கள். அடுத்தவன் மேல் ஏறி உட்காருவதற்காகக் கட்டுகிற கயிறும், பேச வாய் கிடைக்காதவன் கேட்கிற அறையும் ஒன்று என்று சந்துரு எங்கும் சொல்லவில்லை.

அமெரிக்காவே இந்த மையங்களை மூடிவிட்டது என்பதும் ஒரு வாதமாம். டெக்சாஸிலும் யூட்டாவிலும் 2024இல் மூடியது உண்மைதான். மூடச் சொன்னவர்கள் சட்டசபைக்காரர்கள், மாணவர்கள் மூடாதே என்று வாசலில் நின்றார்கள். 1960களின் கடைசியில் கறுப்பின மாணவர்கள் போராடித்தான் அந்த மையங்கள் வந்தன. யேல் பல்கலைக்கழகத்தில் 1969இல் தொடங்கியது இன்றும் நடக்கிறது. பேராசிரியருக்கு அமெரிக்கா பிடிக்கும் இடமும் ஒன்று உண்டு. ஹார்வர்டில் தமிழ் இருக்கை அமைய 60 லட்சம் டாலர் திரட்டியதையும், தமிழக அரசு 10 கோடி கொடுத்ததையும் இதே கட்டுரையில் மெய்சிலிர்த்து எழுதுகிறார். பாஸ்டன் பக்கத்தில் தமிழுக்கு ஒரு நாற்காலி போட உலகத் தமிழர்கள் எல்லாம் உண்டியல் குலுக்க வேண்டும், ஆனைமலை அடிவாரத்தில் காடருக்கு ஒரு பெஞ்சு போட்டால் மட்டும் நாடு பிளந்துவிடும்.

கடைசியாகச் செலவு. யார் பணம் கொடுப்பது என்று கேட்டுக் கட்டுரையை முடிக்கிறார். சமவாய்ப்புப் பிரிவும் பாகுபாடு எதிர்ப்பு அதிகாரியும் ஒவ்வொரு உயர்கல்வி நிறுவனத்திலும் இருக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2012லேயே விதிமுறை போட்டுவிட்டது. நம் கல்லூரிகளில் தரம் பார்க்கும் நாக் கமிட்டி வருகிற வாரம் அதற்கு ஒரு போர்டு முளைக்கும், கமிட்டி கார் கேட்டைத் தாண்டியதும் ஸ்டோர் ரூமுக்குப் போய்விடும். அந்தப் போர்டை எடுத்து மாட்டுவதற்கு என்ன செலவு? டைப்ரைட்டிங் வகுப்பு நின்றுபோய்ப் பூட்டிக் கிடக்கும் ஓர் அறை அந்தக் கல்லூரியிலும் உண்டு, உள்ளே பழைய வினாத்தாள் கட்டும் கால் போன பெஞ்சும்தான் இருக்கின்றன. வெள்ளையடிக்க இரண்டு நாள். பொறுப்பாசிரியருக்கு வாரத்தில் நாலு பீரியட் குறைக்க வேண்டும், சார் ஆட்சியர் ஆபீசுக்குப் போய்வர ஒரு சாங்ஷன் ஆர்டர் வேண்டும், ஒரு செல்போன் நம்பர் வேண்டும். கரஸ்பாண்டன்ட் ரேக்ளா ஓட்டிய அந்தப் பளபளப்புத் தாளின் செலவில் ஒரு வருடம் நடத்தலாம்.

ஃபைல் நிர்வாகக் குழுவுக்குப் போயிருக்கிறது என்று கேள்விப்பட்டேன். பேராசிரியர் அந்தக் குழுவில் ஓர் உறுப்பினர். ஜூன் அட்மிஷனுக்கு முன்னால் கூட்டம் இருக்கிறது. கோரிக்கை வைத்த ஆசிரியர்களை அந்தக் கூட்டத்துக்கு அழையுங்கள். மலையிலிருந்து வருகிற பிள்ளைகளையும், நார் மில் குடியிருப்பிலிருந்து வருகிற பிள்ளைகளையும் எதிரே நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். காபி கொடுங்கள். பிறகு அந்த ஆறு பக்கத்தையும் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வாசியுங்கள், ஐயா.